டொரோண்டோ நாற்பத்தைந்து கே.எல்.

யாராவது வெளிநாடு போகிறார்கள் என்றால் நம் ஆட்கள் கேட்பதற்கென்று சில கேள்விகள் இருக்கின்றன. என்ன வேலை, எப்போது திரும்பி வருவார்கள், அங்கே குளிருமா, மீன் கிடைக்குமா. பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் நாங்கள் இருந்த பிளாட்டில் பக்கத்து வீட்டு அக்கா இதில் எதையும் கேட்க மாட்டாள். அவளுக்கு ஒரே கேள்விதான்.

"எத்தனை கே.எல்.?"

முதல் தடவை கேட்பவர்கள் முழிப்பார்கள். கே.எல். என்றால் கோலாலம்பூர் என்று இந்த நாட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். எத்தனை கோலாலம்பூர் என்று கேட்டால் என்ன சொல்வது? இருப்பது ஒன்றுதானே. அக்காவின் கணக்கில் அது ஊர் இல்லை, அளவு. நம் பாயான் லெப்பாஸ் விமான நிலையத்திலிருந்து கோலாலம்பூர் விமான நிலையம் எவ்வளவு தூரமோ, அது ஒரு கே.எல். அந்தக் கணக்கில் சென்னை ஏழு, மெல்போர்ன் இருபது, லண்டன் முப்பத்திரண்டு. கிலோமீட்டரில் சொன்னால் ஒருத்தருக்கும் மண்டையில் ஏறாது என்பது அவள் கட்சி.

"பத்தாயிரம் கிலோமீட்டர்னா உனக்கு என்னா புரியும்? ஒன்னும் புரியாது லா. கே.எல். போயிருக்கல்ல? அந்த மாதிரி முப்பத்திரெண்டு தடவ. இப்ப புரியுதா?"

எனக்குப் புரியவில்லைதான். அதை அவளிடம் சொல்லும் தைரியம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. நான் அக்கரையில், மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். தினமும் காரில் கடல் பாலம் கடந்து போய் வருகிறேன். அது எவ்வளவு தூரம் என்று கேட்டால் நெரிசல் இல்லாவிட்டால் இவ்வளவு நேரம், நெரிசல் இருந்தால் இவ்வளவு நேரம் என்றுதான் சொல்லத் தெரியும். ஒருமுறை அப்படிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். "நேரம் வேற, தூரம் வேற. நேரம்னா நீ காடிக்குள்ள ஒக்காந்திருந்தது. அதப் போயி தூரம்னு சொல்ற."

அக்காவுக்குத் தையல் வேலை. சூலியா தெருவில் ஒரு பாயின் துணிக்கடை வாசலில் மெஷின் போட்டிருந்தாள். புதுத் துணி தைப்பதைவிட, வாங்கிய துணியைப் பிடிப்பதும் பிரிப்பதும்தான் அதிகம். அளவு விஷயத்தில் அவளிடம் துளி இரக்கம் கிடையாது. ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா, தன் மகளுக்கு இடுப்பு இருபத்தெட்டுதான் என்று சொல்லிக்கொண்டே ஜாக்கெட்டை நீட்டினாள். அக்கா டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தெருவில் போகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "முப்பத்தி ரெண்டரை" என்றாள். பெண்ணின் முகம் சுண்டிப்போயிற்று. கடைக்காரர் அக்காவைத் தனியே கூப்பிட்டு, "கொஞ்சம் மெதுவாச் சொல்லும்மா, கஸ்டமர் ஓடிடறாங்க" என்று கெஞ்சினார். "மெதுவாச் சொன்னா இடுப்பு சின்னதாயிடுமா பாய்?" என்று கேட்டுவிட்டு மெஷினில் உட்கார்ந்துவிட்டாள். நான் அன்று என் சுடிதாரைக் கொடுக்காமலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

துணிக்கடைக்குப் பக்கத்தில் இருந்த டிக்கெட் போடுகிற ஏஜென்சியை மூடியபோது, கண்ணாடிக்குள் தொங்கிக்கொண்டிருந்த உலக உருண்டையை அக்கா கேட்டு வாங்கி வந்தாள். உருண்டை என்றால் பெரிய சமாச்சாரம் இல்லை. கடற்கரையில் பிள்ளைகள் தட்டி விளையாடுகிற மாதிரி ஊதுகிற பந்து, மேலே நாடுகள் அச்சடித்திருக்கும். பினாங்கு அதில் கடுகளவுகூட இல்லை. அக்கா பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டாள். அந்தப் புள்ளியில் வெள்ளை நூலின் ஒரு முனையை வைத்து, இன்னொரு முனையைப் போகிற ஊர்வரை இழுத்துப் பிடிப்பாள். பிறகு நூலை மேசைமேல் நீட்டி, இடது சுண்டுவிரல் நகத்தின் அகலத்தால் அளந்துகொண்டே போவாள். பந்தின்மேல் பினாங்குக்கும் கே.எல்.லுக்கும் நடுவே அந்த நகம் ஒட்டிவைத்த மாதிரி உட்காரும். அதைக் கண்டுபிடித்த நாளில் அவளுக்கு இருந்த பெருமையைப் பார்த்திருக்க வேண்டும், உலகத்தையே அவள் விரலுக்குத்தான் தைத்திருக்கிறார்கள் என்பதுபோல.

ஒரு சங்கடம் இருந்தது. பந்தில் எங்கேயோ சின்னக் கசிவு. ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வந்து அக்கா நன்றாக ஊதி வைப்பாள். வாரம் போகப் போகக் காற்று இறங்கும், உலகம் சுருங்கும். கீழ்மாடி அங்கிள் தன் மகள் இருக்கிற மெல்போர்னை ஒரு திங்கட்கிழமை அளந்தார், இருபது வந்தது. சனிக்கிழமை சந்தேகத்தில் மறுபடி அளந்தார், பதினெட்டு. "வீடு மாத்திட்டாளா? என்கிட்ட சொல்லலியே" என்று மகளுக்கு ஃபோன் போட்டுவிட்டார். அவள் அங்கே அழ ஆரம்பித்துவிட்டாள், அப்பாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று. அதற்குப் பிறகு அக்கா சனிக்கிழமைகளில் யாருக்கும் அளந்து தருவதில்லை.

அந்த மகள் மெல்போர்னுக்குக் கிளம்பிய நாளும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிளாட்டின் கீழே காடியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் அம்மா, கீழ்மாடி ஆன்ட்டி, தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நாங்கள் நாலைந்து பேர் சுற்றி நின்று, "கிட்டதான் ஆன்ட்டி, எட்டு மணி நேரம்தான், காலைல ஏறினா சாயங்காலம் அங்க" என்று நம்மவர்கள் சொல்கிற எல்லாவற்றையும் சொன்னோம். ஆன்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் தெளிந்தாள். அப்போது அக்கா முன்னால் வந்து, "கிட்ட இல்ல. இருபது கே.எல்." என்றாள். ஆன்ட்டி மறுபடி உடைந்து அழுதாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அக்காவை லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டு போனேன்.

"உங்களுக்கு மனசுன்னு ஒன்னு இருக்காக்கா?"

"நீங்க எல்லாம் கிட்டனு சொல்லிட்டுப் போயிடுவீங்க. அந்தம்மா தெனம் கதவப் பாத்துகிட்டே ஒக்காந்திருக்கும். தூரம்னு தெரிஞ்சாத்தான் தூங்கும்."

ஆன்ட்டி அன்று தூங்கினாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நாலு நாள் கழித்து அவள் அக்காவின் வீட்டில் உட்கார்ந்து, பந்தில் அந்த நூல் எந்தெந்தக் கடல்மேல் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை.

அக்காவின் புருஷனைப் பற்றிப் பிளாட்டில் இரண்டு கதைகள் உண்டு. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர், "கிட்டதான், ராத்திரி பஸ் ஏறினா காலைல வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போய் வரவே இல்லை என்பது ஒன்று. அவர் பாலிக் புலாவில் வேறு குடும்பத்தோடு இருக்கிறார், மலைக்கு அந்தப் பக்கம்தான் என்பது இன்னொன்று. எது நிஜம் என்று அக்காவிடம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. பாலிக் புலாவ் எத்தனை கே.எல். என்று நான் ஒருமுறை விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். அக்கா நூலைச் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டுக் கோப்பி கலக்கப் போனாள்.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் நானும் அம்மாவும்தான். தம்பி கனடாவில், டொரோண்டோவில், பல வருஷமாக இருந்தான். அம்மாவுக்கு ஞாபகம் கழன்றுகொண்டே வந்தது. அடுப்பை மறந்தாள், கிழமையை மறந்தாள், சில நாள் என்னைத் தாதி என்று நினைத்து நன்றி சொன்னாள். தம்பியை மட்டும் மறக்கவில்லை.

"தம்பி எங்க?"

"டொரோண்டோம்மா."

"அது எங்க இருக்கு?"

"கனடாவுல."

"ஈப்போ தாண்டியா?"

ஈப்போ கே.எல். போகிற வழியில் உள்ள ஊர். தாண்டித்தான் என்பேன், பொய் இல்லையே. கொஞ்ச நேரத்தில் மறுபடி, தம்பி எங்க. வேலை முடிந்து பாலத்தில் வெந்து வந்தவளுக்கு எத்தனை தடவை பதில் சொல்ல முடியும்? ஒருநாள் கத்திவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த அக்காவுக்குக் கேட்டிருக்க வேண்டும், பந்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

டொரோண்டோவை அளப்பது லேசான காரியமாக இல்லை. கிழக்குப் பக்கமாக நூலை இழுத்தால் பெரிய கடலைத் தாண்டி நீண்டுகொண்டே போயிற்று. மேற்குப் பக்கமாக இழுத்தால் ஆப்பிரிக்கா, இன்னொரு கடல், அதுவும் ஏறக்குறைய அவ்வளவே. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு நூலை மேலே மேலே நகர்த்தினாள். நகர்த்த நகர்த்த நூல் தொய்ந்தது, அதாவது தூரம் குறைந்தது. கடைசியில் உச்சந்தலைமேல் வைத்து இழுத்தபோதுதான் ஆகக் குறைவு. ஆனால் வடதுருவம் இருக்க வேண்டிய இடத்தில் காற்று ஊதுகிற குழாய் துருத்திக்கொண்டு நின்றது. நூல் அதன்மேல் நிற்காமல் ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமும் வழுக்கிற்று.

"நாப்பத்தஞ்சு. ஆனா இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னுதான் தெரியல" என்றாள்.

நான் நம்பவில்லை. தலைக்கு மேலாக எவனாவது கனடா போவானா? ஃபோனில், இரண்டு விமான நிலையங்களின் குறிகளைத் தட்டினால் தூரம் சொல்கிற ஒரு பக்கம் இருக்கிறது, அதைத் திறந்தேன். பினாங்குக்கு மூன்று எழுத்து, சரி. டொரோண்டோவுக்கு மூன்று எழுத்தும் ஒய் ஒய் இசட் என்று காட்டியது. "அதுல டொரோண்டோ எங்க இருக்கு?" என்று அக்கா கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. பதினாலாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் என்று வந்தது. நான் கணக்குக்காரி, கே.எல். தூரத்தால் வகுத்துப் பார்த்தேன். நாற்பத்தைந்தேதான். கீழே ஒரு படமும் இருந்தது. அதில் பினாங்கிலிருந்து ஒரு கோடு விளக்குக் கம்பம் மாதிரி நேரே மேலே ஏறிப் படத்தை விட்டே வெளியே போய்விட்டது. வேறொரு மூலையில் மேலிருந்து இறங்கிக் கனடாவுக்குள் வந்தது. நடுவில் அது எங்கே போனது என்று படத்தில் இல்லை.

அன்று இரவு தம்பியிடம் ஃபோனில் சொன்னேன். அவன் சிரித்தான். இங்கிருந்து அங்கே நேராக எந்த விமானமும் கிடையாது, டோஹாவில் மாறினால் தூரம் வேறு, ஹாங்காங்கில் மாறினால் வேறு, நீ எதைக் கேட்கிறாய் என்றான். மறுநாள் அதை அக்காவிடம் சொன்னேன்.

"அது பிளேன் சுத்துற தூரம். எனக்கு அது எதுக்கு? இவங்களுக்கும் அவனுக்கும் நடுவுல எவ்வளவு, அதுதான் நான் கேக்கறேன்."

ஆக மூன்று கணக்கு ஆயிற்று என் தலைக்குள். அம்மாவுக்கோ வேறு கவலை வந்துவிட்டது. "அப்ப எந்தப் பக்கமா வருவான்?"

எங்கள் வீட்டில் நடைபாதைப் பக்கத்து ஜன்னலில் மலை தெரியும், அது மேற்கு. பின்பக்கத்து ஜன்னலில் கடலும் பாலமும், அது கிழக்கு. வடக்கே ஜன்னல் கிடையாது. காலண்டர் மாட்டிய சுவர், அதற்குப் பின்னால் அக்காவின் வீடு. அக்கா சுவரைக் காட்டி, "நேரா வந்தா இப்படித்தாம்மா வரணும்" என்றாள்.

"அப்ப ஒன் வீட்டு வழியாத்தான் வருவான். கதவத் தொறந்து வையி" என்றாள் அம்மா. அக்கா சிரிக்கவில்லை. "தொறந்தே வைக்கிறேம்மா" என்றாள்.

இப்படியே அந்த வருஷம் போயிற்று. பிறகு அம்மா சாப்பாட்டைக் குறைத்தாள். கஞ்சிகூட இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. மருத்துவர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டுவிடுங்கள் என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். தம்பிக்குச் சொன்னேன். டோஹா வழியாக டிக்கெட் போட்டான். அம்மாவிடம் தம்பி வருகிறான் என்றதும் கண் திறந்தது. "எந்தப் பக்கம்?" என்றுதான் முதலில் கேட்டாள். டோஹா மேற்கு. அக்காவும் நானும் கட்டிலைப் பிடித்து, மலை ஜன்னலைப் பார்க்கிற மாதிரி திருப்பினோம். அசைத்தாலே அம்மாவுக்கு வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள்.

தம்பி கிளம்புகிற அன்று அங்கே பனிப்புயல். விமானம் ரத்து. அடுத்துக் கிடைத்தது ஹாங்காங் வழியாக. நான் இந்தச் செய்தியை அம்மாவிடம் சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்தேன். வருவது தாமதம் என்று தெரிந்தால் நம்பிக்கையை விட்டுவிடுவாளோ என்று பயம். அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் நேரே வந்து கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தாள்.

"திருப்பணும். இப்ப கடல் பக்கமால்ல வரான்."

"வலிக்கும்க்கா. அவங்களுக்கு எப்படியும் தெரியப் போறதில்ல."

"ஒனக்குத் தெரியுமில்ல?"

திருப்பினோம். அம்மா முனகினாள். அக்கா அவள் காதருகே குனிந்து, "அம்மா, பனி கொட்டுது அங்க. இன்னும் ஏறல. நாப்பத்தஞ்சு கே.எல். அப்படியே இருக்கு. இந்தப் பக்கமா வருவான், இங்க பாத்துகிட்டு இருங்க" என்றாள். நான் சொல்லாதே என்று கை காட்டியது அவள் கண்ணில் பட்டது, பட்டும் சொன்னாள். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. அம்மா "சரி" என்றாள். அன்று அரை டம்ளர் கஞ்சி குடித்தாள். ஏன் குடித்தாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

தம்பி ஏறியபின் அக்கா கடைக்குப் போகவில்லை. கட்டிலருகே பந்தோடு உட்கார்ந்துகொண்டாள். விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற செயலியை என் ஃபோனில் நான் பார்த்துச் சொல்லச் சொல்ல, அவள் நூலைச் சுருக்கிக்கொண்டே வந்தாள். விமானம் உண்மையாகவே மேலே ஏறிப் போயிற்று, துருவத்தை ஒட்டி. அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன். "முப்பதும்மா." "இருவதும்மா." ஹாங்காங்கில் இறங்கியபோது, "ஏழு. சென்னைல இருக்கற மாதிரி." அம்மா ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் திறந்தாள். உயிரைப் பிடித்து வைத்திருந்தது கஞ்சியா எண்களா என்று எனக்கு இன்றைக்கும் குழப்பம்தான்.

மறுநாள் மத்தியானம் தம்பி வந்து சேர்ந்தான். அம்மா இருந்தாள். நல்ல நினைவோடு, கண் திறந்து, கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். தம்பி பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து கட்டிலருகே மண்டியிட்டான். தலையில் முடி கொட்டிப்போய், உடம்பு பருத்து, பனியில் வெளுத்து வந்திருந்தான். "அம்மா" என்றான்.

அம்மா அவனைப் பார்த்தாள். மரியாதையாகச் சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

"வாங்க தம்பி. ஒக்காருங்க. என் மகன் வந்துகிட்டு இருக்கான். இப்ப வந்துடுவான்."

"அம்மா, நான்தாம்மா."

"ஆமா, ஒக்காருங்க" என்றாள் அம்மா. பிறகு என்னிடம், "தம்பிக்கு கோப்பி குடு" என்று சொல்லிவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தம்பி என்னைப் பார்த்தான். நான் அக்காவைப் பார்த்தேன். இத்தனை கடல் தாண்டி வந்தவனை என்ன செய்வது? பெயரைச் சொன்னோம், சின்ன வயது தழும்பைக் காட்டினோம், பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தோம். அம்மா படத்தை வாங்கி, "என் மகன்தான்" என்று வந்தவனுக்கே காட்டினாள். அவன் எழுந்து நடைபாதைக்குப் போய் மலையைப் பார்த்து நின்றுகொண்டான்.

அக்கா அவன் பின்னால் போனாள். "தம்பி, ஃபோன் போடு" என்றாள்.

"யாருக்கு?"

"அம்மாவுக்கு. இங்க நின்னே போடு."

அவன் விளங்காமல்தான் போட்டான். வீட்டுக்குள் மணி அடித்தது. நான் எடுத்து அம்மாவின் காதில் வைத்தேன். அவன் குரல் கேட்டதும் அம்மாவின் முகம் மலர்ந்தது. பல வருஷமாக அவளுக்கு அவன் குரல்தான் மகன். முகம் இல்லை.

"எங்கய்யா இருக்க?"

நடைபாதையிலிருந்து, "வந்துகிட்டே இருக்கேம்மா."

"எவ்வளவு தூரம் இருக்கு?"

தம்பி ஃபோனைக் காதில் வைத்தபடி அக்காவைப் பார்த்தான். இடுப்பளவைக்கூட அரை அங்குலம் குறைக்காதவள் அவள். கதவு நிலையில் நின்றுகொண்டு கட்டிலைப் பார்த்தாள், நடைபாதையைப் பார்த்தாள்.

"மூணு" என்றாள்.

"மூணு கே.எல்.ம்மா" என்றான் தம்பி.

"சரி, பாத்து வா. இங்க ஒரு தம்பி வந்திருக்காரு, பாவம், நல்ல பிள்ள. சாப்பிட்டியா?"

அன்று முதல் தினமும் மத்தியானம் இதுவே நடந்தது. காலையில் அந்த "நல்ல பிள்ளை" அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுவான், கால் பிடித்துவிடுவான், அவளும் கூச்சத்தோடு நன்றி சொல்லுவாள். மத்தியானம் நடைபாதைக்குப் போய் மகனாக ஃபோன் செய்வான். அக்கா ஏதோ ஒரு எண்ணைச் சொல்லி வைத்தாள், சமாளித்தாயிற்று என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டாம் நாள் தம்பி அவளிடம், "இன்னிக்கு ரெண்டுன்னு சொல்லட்டுமாக்கா? கொஞ்சம் கிட்ட வந்த மாதிரி இருக்கும், சந்தோசப்படுவாங்க" என்று கேட்டான். அக்காவுக்கு வந்ததே கோபம்.

"நேத்துலேருந்து நீ எங்க நகந்த? மூணு மூணுதான்."

எதைக்கொண்டு அளந்தாள் என்று நான் கேட்டேன். பந்து அவள் வீட்டில் காற்றில்லாமல் கிடந்தது. நூலும் கையில் இல்லை. "பாத்தா தெரியலியா ஒனக்கு?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. அது அவள் எங்களுக்காகச் சொன்ன பொய்யா, நிஜமாகவே எங்கேயோ அளந்துதான் சொன்னாளா என்று நினைத்து நினைத்துக் குழம்பினேன். அம்மா போனபின் நான் அந்தப் பிளாட்டைக் காலி செய்தேன். அக்காவும் பெருநிலத்துப் பக்கம் எங்கேயோ தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்வி. முகவரி வாங்கி வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை எனக்கு. அவளைக் கேட்டுத் தெளிய இனி வழியில்லை.

தம்பி திரும்பிப் போவதற்கு முந்திய நாட்களில் ஒன்று. மத்தியானம் நல்ல மழை. சாரல் நடைபாதைக்குள் அடித்தது. ஃபோனில் பேச ஆரம்பித்தவன் நனைந்து, பேசிக்கொண்டே உள்ளே வந்து, வேறு வழியில்லாமல் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். நான் பயந்துபோனேன். காதில் ஒரு மகன், எதிரில் வாயசைக்கிற ஒரு விருந்தாளி, அம்மா மிரண்டுவிடுவாளோ என்று. அம்மா மிரளவில்லை. ஒரு கையால் ஃபோனைப் பிடித்தபடி, இன்னொரு கையால் சேலைத் தலைப்பை எடுத்து அவன் கையிலிருந்த ஈரத்தைத் துடைத்தாள். நெற்றியையும் துடைத்தாள்.

"ஒன்னுமில்லய்யா, இந்தத் தம்பி நனைஞ்சிட்டாரு, தொடச்சி விட்டேன். நீ சொல்லு. இப்ப எவ்வளவு தூரம்?"

துடைத்த கை அவன் கைமேலேயே இருந்தது. எடுக்க மறந்துவிட்டாள். தம்பி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். அக்கா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், வெகு நேரம், தையல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பவள்போல.

"ரெண்டே முக்கால்" என்றாள்.

தம்பி ஃபோனை நெஞ்சோடு சேர்த்து அழுத்திக்கொண்டான். அம்மா காதிலிருந்து ஃபோனை எடுத்துப் பார்த்தாள், மறுபடி வைத்துப் பார்த்தாள்.

"லைன் சரியில்ல போல. என்னா சொல்றான்?" என்று என்னைக் கேட்டாள்.

"ரெண்டே முக்கால்மா" என்றேன்.